எச் வரிசை, இருபத்தொண்ணும் இருபத்திரண்டும்

இல்லம்மா, உன் கம்ப்யூட்டர் தப்பாக் காட்டல. எச் வரிசை, இருபத்தொண்ணு, இருபத்திரண்டு, ரெண்டுமே என் பேர்லதான் இருக்கும். இஷ்பெல் ராட்ரே. நான்தான். வருஷா வருஷம் நான்தான் வந்து வரிசையில நின்னு ரெண்டு கால்பந்து சீசன் டிக்கெட்டையும் புதுப்பிப்பேன். ஆமா, இருபத்தொண்ணுல உக்கார்றது மர்டோ. புருஷனான்னா கேக்குற? போன வருஷம் ஜூன் மாசம் வரைக்கும் புருஷன். இப்ப பக்கத்து சீட்டுக்காரரு.

சிரிக்காத கண்ணு. ஐலியா உன் பேரு? ஆர்க்னித் தீவுலேர்ந்து வந்திருக்கியா? அதான பாத்தேன். இந்த ஊர்ப் பொண்ணா இருந்தா இப்படிக் கேட்டிருக்க மாட்டே. கில்கார்வியில மீன் ஏலம் விடுறவன்லேர்ந்து பாதிரியார் வரைக்கும் எங்க கதை அத்தன பேருக்கும் தெரியும். யோவ் ஃபெர்கஸ், பின்னாடி நின்னு என் கழுத்துல மூச்சு விடாத. ஜன்னல் நாலு மணி வரைக்கும் தெறந்திருக்கும், உன் கறிக்கடை எங்கயும் ஓடிடாது.

ஏன் பிரிஞ்சோம்னா... என்னன்னு சொல்றது. குடியில்ல, வேற பொம்பள இல்ல. அப்படி ஏதாவது இருந்திருந்தாக்கூட சொல்றதுக்கு சுலபமா இருந்திருக்கும். அந்தாளு அபர்டீன் போற பஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டினவரு. ஒருநாள் திடீர்னு வேலைய விட்டுட்டேன்னு வந்து நின்னாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அன்னையிலேர்ந்து ஆளே மாறிட்டாரு. சோபாவுல உக்காந்தா உக்காந்ததுதான். ஒருநாள் நான் சர்ச்சுல கூடப் பாடுறவங்க நாலு பேரோட கடைத்தெருவுல நிக்கிறேன், எதிர்ல வர்றாரு. கையத் தூக்கி ஆட்டுறேன். என்னைத் தாண்டி நேராப் போயிட்டாரு. தலைய ஆட்டல, ஒரு சிரிப்பு இல்ல, ஏதோ விளக்குக் கம்பத்தத் தாண்டிப் போற மாதிரி. அவங்க நாலு பேரும் என் மூஞ்சியப் பாத்த பார்வை இருக்கே, இப்ப நெனச்சாலும் காது சூடாகுது.

சரி, வாயால பேசினா சண்டையாகுது, எழுதியாவது குடுப்போம்னு நாலு பக்கம் எழுதினேன். மனசுல இருந்ததையெல்லாம் கொட்டி எழுதி டீ கெட்டிலுக்கு அடியில வச்சேன். மூணு நாள் அது அங்கயே கெடந்துச்சு. நாலாவது நாள் அத எடுத்து என் கையிலயே குடுத்து, என்ன எழுதியிருக்கேன்னு நீயே சொல்லிடேன் இஷ்பெல்னாரு. பாத்துக்க! நாலு பக்கம் படிக்கக்கூட சோம்பேறித்தனம். அன்னைக்கே வக்கீலுக்குப் போன் பண்ணிட்டேன்.

வக்கீலம்மா எடின்பரோவுல படிச்சவங்க, வேலையில ரொம்ப சுத்தம். எல்லாத்தையும் பட்டியல் போட்டாங்க. வீடு எனக்கு. துறைமுகத்துப் பக்கம் அவரோட அக்கா வீட்டு மாடி அவருக்கு. காரு வித்தாச்சு. நாய் ஏற்கனவே செத்துப் போச்சு, அதனால அதுல தகராறு இல்ல. கடைசியா இந்த ரெண்டு சீட்டு. யாராவது ஒருத்தர் ரெண்டு வரிசை தள்ளி உக்காந்துக்கலாமேன்னு அந்தம்மா பாவம் நல்லதாத்தான் சொன்னாங்க. முடியாதுன்னோம். ரெண்டு பேரும், ஒரே நேரத்துல, ஒரே குரல்ல. அந்த ஒரு வருஷத்துல நாங்க ஒத்துப் போன ஒரே விஷயம் அதான். அந்தம்மா பேனாவக் கீழ வச்சுட்டு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க.

நீ கால்பந்து பாக்கமாட்டேன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கு. ஆனாலும் கேளு. முப்பத்தொரு வருஷம் கீழ் டிவிஷன்ல உருண்டுட்டு இருந்த நம்ம கிளப்பு, மேல் டிவிஷனுக்கு ஏறுன வருஷம் எது? நான் விவாகரத்து வாங்கின அதே வருஷம். கடவுளுக்கு என்னை வச்சு விளையாடணும்னு தோணியிருக்கு. முப்பத்தெட்டு ஆட்டம். அதுல பாதி இங்க, நம்ம மைதானத்துல. அத்தனைக்கும் அந்தாளோட முழங்கை என் முழங்கையில இடிச்சுக்கிட்டே உக்காரணும்.

முதல் ஆட்டம் ஆகஸ்ட்ல. கிளாஸ்கோவோட ரெண்டு பெரிய கிளப்புல ஒண்ணு வந்தாங்க. நான் பத்து நிமிஷம் முன்னாடியே வந்து குடைய ரெண்டு சீட்டுக்கும் நடுவுல எல்லைக்கல் மாதிரி நட்டு வச்சுட்டேன். வெயில் அடிக்குது, எதுக்குடி குடைன்னு முன்னாடி வரிசையில கேக்குறாங்க. அந்தாளு வந்தாரு, குடையில கால் தடுக்கிச்சு, ஒண்ணும் சொல்லாம உக்காந்தாரு. குட் ஆஃப்டர்நூன்கூட இல்ல. நாலுக்கு சைபர் தோத்தோம். நாலு கோலு வாங்குற வரைக்கும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துட்டு ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை பேசாம இருந்து பாத்திருக்கியா? பல்லு வலிச்சாக்கூட பரவால்லன்னு இருக்கும்.

செப்டம்பர் முடியுறதுக்குள்ள ஏழு ஆட்டம், ரெண்டே பாயிண்டு. பேப்பர்ல நம்மளப் பத்தி எழுதறப்பல்லாம் பாவம்கிற தொனியிலயே எழுதினானுங்க. அது தோல்வியவிடக் கேவலம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பந்து ஓடினா என் வாயும் ஓடும். கத்தமாட்டேன், முணுமுணுப்பேன். இந்தா வர்றான், இடது பக்கம் குடுடா, அங்க ஒருத்தன் சும்மா நிக்கிறான் பாரு, குடுக்கமாட்டான், எருமை, நானே ஓடுவேன்னு ஓடுறான், போச்சு, விழுந்துட்டான், எந்திரிடா, யாரும் உன்னத் தொடல, டிரம்மண்டு எடுத்தான், டிரம்மண்டு அடிக்கிறான், ஐயோ கடலுக்கு அடிச்சுட்டான். இப்படி. தொண்ணூறு நிமிஷமும். கல்யாணமான புதுசுலேர்ந்து வாயக் கொஞ்சம் மூடேன் இஷ்பெல்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவரு அவரு.

அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை. மழை மேலேர்ந்து வரல, கடல்லேர்ந்து படுக்கையா வருது. இங்க அப்படித்தான் வரும், நீயே பாப்பே. நான் வழக்கம்போல முணுமுணுத்துட்டு இருக்கேன். திடீர்னு பாக்குறேன், அந்தாளு என் பக்கமாச் சாஞ்சிருக்காரு. குடைக்கு மேலயே. தோள் தோளோட ஒட்டுது. நான் நகர்ந்தேன். அவரும் நகர்ந்தாரு. அப்புறம், நாலு மாசத்துல முதல் தடவையா, அந்த வாய் தெறந்துச்சு. சத்தமாச் சொல்லு, காத்துல கேக்கலன்னாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீயே சொல்லு. இருபத்தாறு வருஷம் வாய மூடுன்னு சொன்ன மனுஷன், சத்தமாச் சொல்லுங்குறான்!

நான் என்ன நெனச்சேன்னா, ஆளு வழிக்கு வர்றான்னு நெனச்சேன். நெனக்காம இருப்பேனா? பக்கத்து சீட்டுல ஒரு ஆம்பள வாரா வாரம் சாஞ்சு சாஞ்சு உக்காந்தா வேற என்ன நெனப்பாங்க? அடுத்த வாரமே போய் முடிய வெட்டிக்கிட்டேன். சாயம்கூட அடிச்சேன், செம்பு நிறத்துல. உதட்டுச் சாயம். கால்பந்துக்கு! ஃபெர்கஸ், சிரிச்சேன்னு வையி, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுவேன். ஆட்டத்துக்கு வந்து உக்காந்தேன். முன்னாடி வரிசை, பின்னாடி வரிசை, மாவுக்குள்ள கறி அடைச்ச மட்டன் பை விக்கிறவ, அத்தன பேரும் இஷ்பெல், ஜோரா இருக்கேங்குறாங்க. அந்தாளு? ஒரு வார்த்தை இல்ல. என் மூஞ்சிய நேராப் பாத்துட்டு, இன்னைக்கு டிரம்மண்டு ஆடுறானான்னு கேக்குறாரு.

வந்துச்சு பாரு எனக்குக் கோவம். அடுத்த ஆட்டத்துல வாயத் தெறக்கவே கூடாதுன்னு சபதம் போட்டுட்டேன். உதட்ட இறுக்கி மூடிட்டு உக்காந்தேன். பத்து நிமிஷம் கழிச்சு, உடம்பு சரியில்லையான்னு கேட்டாரு. பதில் சொல்லல. தொண்டை கட்டிடுச்சான்னாரு. சொல்லல. அன்னைக்குப் பாத்து எழுபதாவது நிமிஷத்துல நம்மாளு கோலு போட்டுட்டான். ஸ்டாண்டே எந்திரிச்சுக் குதிக்குது. அவரும் எந்திரிச்சாரு, ஆனா எல்லாரும் எந்திரிச்சதுக்கப்புறம். யாரு, யாரு போட்டதுன்னு என் கையப் புடிச்சு உலுக்குறாரு. உனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு, அப்படின்னு கத்திட்டேன். மூணு வரிசைக்குக் கேட்டிருக்கும். அவரு என் கைய விட்டுட்டாரு. கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்னாரு. அவ்வளவுதான். அப்புறம் உக்காந்துட்டாரு.

ஆமா. சொன்னேன் நானு. வாயிலேர்ந்து வந்துடுச்சு.

அடுத்த வாரம் என் சீட்டுல ஒரு மட்டன் பை வச்சிருந்துச்சு, சூடா, பேப்பர்ல சுத்தி. யாரு வச்சதுன்னு கேக்கல. தின்னேன். தின்னதும் வாய் தானாத் தெறந்துக்கிச்சு. அன்னையிலேர்ந்து அதுதான் ஏற்பாடு. அவரு பை, நான் பேச்சு. வேற எதுவும் பேசமாட்டோம். வீட்டுப் பேச்சு இல்ல, பழைய பேச்சு இல்ல. ஆனா பந்து விஷயத்துல மட்டும் அவரு கேக்காத கேள்வி கெடையாது. நம்ம கோல்கீப்பர் பெட்ரி முன்னாடி வந்து நிக்கிறானா, பின்னாடி நிக்கிறானா? ரெஃப்ரி மூஞ்சி எப்படி இருக்கு? மேனேஜர் உக்காந்திருக்காரா, நிக்கிறாரா? நானும் சொல்லுவேன். ரெஃப்ரிக்கு மூஞ்சி வேகாத இறால் மாதிரி இருக்குன்னேன் ஒருநாள். அந்தாளு சிரிச்ச சிரிப்புல பக்கத்துல இருந்தவரோட தேநீர் கொட்டிப் போச்சு. அந்தச் சிரிப்ப நான் கேட்டு எத்தன வருஷமாச்சு தெரியுமா?

குடையா? அது நவம்பர்லயே வீட்டுக்குப் போயிடுச்சு.

ஜனவரியில எனக்குக் காய்ச்சல். ஒரே ஒரு ஆட்டத்துக்குப் போக முடியல. போர்வைக்குள்ள படுத்திருக்கேன், சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் அடிக்குது. மர்டோ. என்னன்னேன். ஆட்டம் எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாரு. நல்லாக் கவனி. போனது அவரு, வீட்டுல கெடந்தது நானு, என்கிட்ட கேக்குறாரு ஆட்டம் எப்படின்னு! யோவ், நீதானய்யா போனேன்னேன். போனேன், ஒண்ணும் நல்லா இல்ல, ஒண்ணுமே வெளங்கல, நீ எப்ப வருவேன்னாரு. நான் போன வச்சுட்டு, காய்ச்சலோட எந்திரிச்சுப் போய்க் கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்தேன். சத்தியமா. அம்பத்தெட்டு வயசுல, மூக்கு சிவந்து, தலைமுடி குருவிக்கூடாட்டம் இருக்கு. ஆனா ஒண்ணுமே வெளங்கலன்னு ஒருத்தன் போன் பண்றான். எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

கிளப்பும் அப்பத்தான் மெல்ல எந்திரிச்சுச்சு. பிப்ரவரியில மூணு ஜெயிச்சோம். மார்ச்சுல பனியில ஒரு ஆட்டம், மஞ்சப் பந்த வச்சு ஆடி, அதுலயும் டிரா. முப்பத்து மூணு ஆட்டம் முடிஞ்சதும் பட்டியல ரெண்டா வெட்டுவாங்கல்ல, மேல ஆறு, கீழ ஆறுன்னு, நாம கீழ் ஆறுல விழுந்தோம். அது எதிர்பாத்ததுதான். அந்தக் கீழ் ஆறுக்குள்ளயே அடிச்சுக்கிட்டு கடைசி ஆட்டம் வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டோம். கடைசி ஆட்டம் ஸ்ட்ராத்மூரோட. இங்க. நாம தோத்தா நாம கீழ போகணும். டிரா பண்ணினாப் போதும், அவங்க போயிடுவாங்க. முப்பத்தொரு வருஷம் காத்திருந்து ஏறினது, ஒரே வருஷத்துல எறங்கவான்னு ஊரே சாப்பிடாம கெடந்துச்சு. ஃபெர்கஸ் அன்னைக்குக் கடையவே மூடிட்டான், இல்லடா?

ஒண்ணுக்கு ஒண்ணு. தொண்ணூறு முடிஞ்சு இன்னும் நாலு நிமிஷம் குடுத்தான் ரெஃப்ரி. மூணு போச்சு. என் தொண்டை கிழிஞ்சு போயிருக்கு, சொல்லிட்டே இருக்கேன். அவங்க பந்த மேல தூக்கி விட்டாங்க, நம்மாளு ஒருத்தன் எகிறினான், பந்து கையில பட்டுடுச்சு. விசில். பெனால்டி.

மைதானத்துல ஒரு சத்தம் இல்ல. கடல் அலை கேக்குது. நானும் நிறுத்திட்டேன்.

என்ன இஷ்பெல், பெனால்டியான்னாரு. ஆமான்னேன். அவங்களுக்கா? ஆமா. யாரு அடிக்கப் போறா? அந்த ஒல்லிக்குச்சி. பெட்ரி எங்க நிக்கிறான்? தெரியலய்யா, நான் கண்ண மூடிட்டேன். மூடிட்டியா? மூடிட்டேன், என்னால பாக்க முடியாது, என்னைக் கேக்காத. அவரு என் பக்கம் திரும்பினாரு. அப்புறம், சரி, அப்ப ரெண்டு பேருமே பாக்க வேணாம்னு சொல்லி, என் கைய எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள்ள வச்சுக்கிட்டாரு. விசில் கேட்டுச்சு. அவன் ஓடி வர்ற காலடி, அதுகூடக் கேட்டுச்சு, நெசமா. பந்துல ஒரு அறை. உடனே டங்குன்னு ஒரு சத்தம்.

போஸ்ட்டு, வெளிய போயிடுச்சுன்னாரு மர்டோ.

நான் இன்னும் கண்ணத் தெறக்கல கண்ணு. ஸ்டாண்டுல இன்னும் ஒருத்தன்கூட எந்திரிக்கல. அதுக்கப்புறம்தான் எல்லாரும் கத்தினாங்க. எப்படித் தெரிஞ்சுது, திருட்டுத்தனமாப் பாத்தியான்னு அவரு தோள்ல குத்தினேன். கோலா இருந்தா அந்த மூலையில அவங்காளுங்க கத்தியிருப்பாங்கல்ல, சத்தமே வரலயேன்னு சிரிக்கிறாரு. அவரு கன்னத்துல தண்ணி ஓடுது. பத்தாவது இடம்மா, தப்பிச்சுட்டோம்! ஜனங்க மைதானத்துக்குள்ள ஓடுறாங்க, எட்டு வயசுக் கொழந்தைலேர்ந்து எண்பது வயசு வரைக்கும். நாங்க உக்காந்தே இருந்தோம். எல்லாரும் போற வரைக்கும்.

சரி, சரி, விஷயத்துக்கு வர்றேன். ஆமா, ரெண்டையும் புதுப்பிச்சுடு. ஏய், நில்லு, நில்லு, சாதாரண டிக்கெட்ட அடிச்சுடாத! அவருக்குப் பார்வை இல்லாதவங்களுக்கு ஒண்ணு குடுப்பீங்களே, அது. எனக்கு அவங்களுக்குத் துணையா வர்றவங்க டிக்கெட்டு. டாக்டர் குடுத்த காகிதம் இந்தா.

ஏம்மா அப்படிப் பாக்குற? நான் சொல்லலையா? அவருக்குக் கண்ணு தெரியாதும்மா. வேலைய விட்டாரே, அப்பலேர்ந்தே. ஓரத்துல கொஞ்சம் தெரியுமாம், நேராப் பாக்குற எடத்துல ஒண்ணும் இல்லையாம். மூஞ்சி தெரியாது, எழுத்து தெரியாது, பந்து தெரியாது. அன்னைக்கு எல்லாரும் போனதுக்கப்புறம் படியில நின்னு சொன்னாரு. எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னேன். சொல்லியிருந்தா பரிதாபப்பட்டு என்கூட இருந்திருப்பே, அது எனக்கு வேணாம்னாரு. பஸ்காரன் புத்தி. எல்லாத்தையும் தானே ஓட்டணும்.

கோவம் வராதா எனக்கு? நல்லா வந்துச்சு. அப்ப இத்தன மாசம் என் பக்கமாச் சாஞ்சது பந்து எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்கத்தானா, நான் ஒரு கிறுக்கி, தலைக்குச் சாயம் அடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்னு சொல்லிட்டு, விடுவிடுன்னு நாலு படி எறங்கிட்டேன். அவரு கூப்பிடல. கோட்டுக்குள்ள கைய விட்டு இத எடுத்து நீட்டினாரு.

இந்தா, வாங்கிக்க. இது உங்க ஆபீஸ் பொருள்தான், திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன். கண்ணு தெரியாதவங்க காதுல மாட்டிக்கிறது. ஒருத்தன் மேல உக்காந்து ஆட்டத்த அப்படியே சொல்லுவானாமே, நிமிஷம் நிமிஷமா, தப்பில்லாம. அக்டோபர்லயே உங்காளுங்க இத அவருக்குக் குடுத்துட்டாங்க. அந்த மழை ஆட்டத்துக்கு முந்தின நாள். டப்பாவத் தெறந்துகூடப் பாக்கலம்மா அந்தாளு. மேல ஒட்டின பிளாஸ்டிக்கு அப்படியே இருக்கு பாரு.

ஏன் போட்டுக்கலன்னு நானும்தான் கேட்டேன். இங்க ஆபீஸ்ல வேற ஒண்ண எடுத்து, பழைய ஆட்டம் ஒண்ணப் போட்டு, ஒரு தடவ அவரு காதுல மாட்டிக் காட்டினாங்களாம். அதுல பேசுற தம்பி ரொம்ப நல்லாத்தான் பேசுறானாம், ஒரு கொறையும் இல்லையாம். ஆனா ரெஃப்ரிய ஒரு தடவகூடத் திட்டலையாம்.